ஒரே பெயரில் முந்நூற்று எண்பத்தொரு புகார்

அத்தியாயம் 4

பார்லோ பே நகராட்சியின் பொது மேலாளர் டெஸ்மண்ட் பூல் காகிதக் கட்டைத் தூக்கிப் போட்ட கனத்தில், மேசைமேல் இருந்த பிஸ்கட் தட்டு ஒரு துள்ளு துள்ளியது.

"நாலு மாசத்துல நம்ம வெப்சைட்டுக்கு வந்த புகார் முந்நூத்தி எண்பத்தொண்ணு," என்றார். "எழுதினது ஒரே ஆள். நெவில் ஸ்ட்ரிங்கர். ஸ்கூல் பஸ் டிரைவர்."

"மத்தவங்க?" என்று கேட்டார் வெர்னா டக்வெல்.

"மத்தவங்க ஒருத்தரும் ஒண்ணும் எழுதலை. ஊர்ல ஆறாயிரம் பேர். அந்த ஆளைத் தவிர எல்லாருக்கும் பரம திருப்தி."

அவர் தலைக்கு மேலே சுவரில் புது ஆணி ஒன்று அடித்திருந்தது. டாஸ்மேனியாவிலேயே மனநிறைவு மிகுந்த நகராட்சி என்ற பரிசுக்கு பார்லோ பே கடைசிச் சுற்று வரை போயிருந்தது. வெள்ளிக்கிழமை முடிவு. கேடயம் இன்னும் வரவில்லை. ஆணி வந்துவிட்டது.

வெர்னாவின் உதவியாளன் ஸ்டாவ் அந்த ஆணியையே ரசித்துக்கொண்டிருந்தான். முழுப்பெயர் ஸ்டாவ்ரோஸ் பெட்ராகிஸ். ஒரு வெப்சைட் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மன்னிப்புக் கடிதத்தில் ஜோக் எழுதியதற்காக வேலை போனது. வெர்னா அவனுக்கு நேர் எதிர். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக உழைத்து, எரியாத வீட்டுக்கும் மூழ்காத படகுக்கும் பணம் கேட்டவர்களைச் சிரிக்காமல் பிடித்துக் கொடுத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார்.

"ரெண்டு மணிக்கு கவுன்சில் கூடுது," என்றார் டெஸ்மண்ட். "நெவில் இனிமே புகார் எழுதக்கூடாது. இந்தக் கட்டடத்துக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. பஸ் கான்ட்ராக்ட்டும் ரத்து. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு அறிக்கையை நானே எழுதி வெச்சிட்டேன். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"விசாரணைக்கு முன்னாடியே முடிவு ரெடியா?" என்றான் ஸ்டாவ். "எங்களுக்கு இந்த வேகம் வராதுங்க."

"படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்," என்று வெர்னா கட்டைத் தூக்கி ஸ்டாவ் கையில் வைத்தார். அவனுக்குத் தோள்பட்டை இறங்கியது.

நெவில் ஸ்ட்ரிங்கர் பஸ் நிறுத்துமிடத்தில், காலை நடை முடிந்த வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. மேற்குக் காற்று அவர் பீய்ச்சிய தண்ணீரில் பாதியை அவர் முகத்துக்கே திருப்பி அனுப்பியது. வண்டியின் பக்கவாட்டில் யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். 'போட்டுக்கொடுப்பவன்.'

மூன்று வாரத்துக்கு முன் அந்தப் புகார்ப் பட்டியல் எப்படியோ உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டு நாய், எதிர்வீட்டுச் சேவல், அனுமதியில்லாத கொட்டகை, தெருக்கோடியில் எரித்த குப்பை, எல்லாம் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே நெவில் ஸ்ட்ரிங்கர். பார்லோ பேயில் பிறத்தியார் படகை எடுத்துக்கொண்டு போனவனைக்கூட ஒரு குளிர்காலம் கழித்து மன்னித்துவிடுவார்கள். போட்டுக்கொடுத்தவனை மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. பப்பில் நெவிலுக்கு பீர் ஊற்றுவதை நிறுத்தினார்கள். கால்பந்து கிளப் பலகையில் அவர் பெயரை அடித்தார்கள்.

"நான் எழுதினது ஒண்ணே ஒண்ணு," என்றார் நெவில். "மார்ச் மூணாம் தேதி. முந்தின ராத்திரி புயல்ல ஊருக்கே கரன்ட் இல்லை. மத்தியானம் வந்தது. வந்ததும் மொதல் வேலையா உட்கார்ந்து எழுதினேன். ஸ்கூல் வாசல்ல குழி இருக்குன்னு."

"மீதி முந்நூத்தி எண்பது?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரி கேட்கறா, ராத்திரி தூங்கும்போது எழுதறியான்னு." அவர் குழாயை மூடினார். "போன வாரம் ஒரு ஆறு வயசுக் குட்டி வண்டியில ஏறும்போது கேட்டுச்சு, எங்க நாய்க்குட்டியைப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லி நீங்கதான் எழுதினீங்களா, நெவ்னு. இல்லைம்மான்னேன். நம்பலை. பின்சீட்ல போய் உட்கார்ந்துக்கிச்சு. எப்பவும் எனக்குப் பின்னாடி முதல் சீட்லதான் உட்காரும்."

ஸ்டாவ் வாயைத் திறந்து, சொல்ல வந்த ஜோக்கை அப்படியே விழுங்கினான்.

காருக்குள் உட்கார்ந்து இருவரும் கட்டைப் பிரித்துக்கொண்டார்கள். இருபது நிமிடம் காகிதச் சத்தமும் காற்றின் சத்தமும்தான்.

"பாஸ், இந்த ஆள் பெரிய கலைஞன். ஒரு புகார்ல பிழையே இல்லை. அடுத்ததுல பிழையைத் தவிர ஒண்ணுமே இல்லை. ஒண்ணுல சர்ச் மணி ரொம்பச் சத்தம்ங்கறார், அதுக்கடுத்ததுல மணி சரியாவே கேட்கலைங்கறார்."

"நேரத்தைப் பாரு. பாதிக்கு மேல அவர் பஸ் ஓட்டற நேரம். இதுல பதினாலு வெறும் 'சோதனை'ன்னு ஒரே வார்த்தை. எல்லாமே திங்கக்கிழமை, காலைல எட்டே கால்."

"எட்டே காலுக்கு அவர் வண்டியில முப்பது பசங்க இருப்பாங்க. முப்பது சாட்சி."

"இருநூத்திப் பதினேழைப் படி."

ஸ்டாவ் படித்தான். "'தினமும் காலையில் ஸ்கூல் பஸ் எங்கள் ஜன்னலுக்கு நேராக எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. புகை முழுக்க நான் பை சுடும் அடுப்பு வரைக்கும் வருகிறது. டிரைவர் நெவில் ஸ்ட்ரிங்கர் மீது நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, நெவில் ஸ்ட்ரிங்கர்.'" காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். "நேர்மையான மனுஷன். தன்னையே விட்டுவைக்கலை."

"பை அடுப்பு இருக்கற கடை இந்த ஊர்ல எத்தனை?"

"ஒண்ணுதான். நல்லவேளை, எனக்குப் பசிக்குது."

பேக்கரிக்காரர் ரோண்டா லில்லிகோ, ஸ்காலப் என்ற சிப்பியின் கறியை உள்ளே அடைத்துச் சுட்ட பை இரண்டை எடுத்து வைத்தார். கவுண்டர் மேல் கையால் எழுதிய அட்டை: 'நெவில் ஸ்ட்ரிங்கருக்கு இங்கே வியாபாரம் இல்லை.'

"அவர் மேல என்ன கோபம்?" என்று வெர்னா கேட்டார்.

"என் கடை குப்பைத்தொட்டி நாறுதுன்னு எழுதியிருக்கான். பத்து வருஷமா பை வாங்கித் தின்ன வாயி. போட்டுக்கொடுக்கற புத்தி ரத்தத்துல ஊறியிருக்கணும்."

வெர்னா இருநூற்றுப் பதினேழை எடுத்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரோண்டா படித்தார். கழுத்திலிருந்து மேலே மெதுவாகச் சிவப்பு ஏறியது.

"பை ரொம்பப் பிரமாதம்," என்றான் ஸ்டாவ். "புகை வாசனையே இல்லை."

"இதுல என் பேர் இல்லையே," என்றார் ரோண்டா.

"அதைத்தான் நானும் கேட்கறேன். எப்படி இல்லாம போச்சு?"

ரோண்டா கடை வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. குரல் தானாக இறங்கியது. "என் லாகின்லதான் போட்டேன். என் பேர், என் விலாசம், எல்லாம் வந்தது. பட்டனைத் தட்டினேன். நன்றின்னு ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்."

"அப்புறம் பதில்?"

"நகராட்சியா? பதிலா?" ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதை ரெண்டு மணிக்கு கவுன்சில்ல வந்து சொல்லுவீங்களா?"

சிரிப்பு நின்றது. "சொன்னா நானும் போட்டுக்கொடுத்தவதானே? அப்புறம் இந்த அடுப்பைத் தலையில வெச்சுக்கிட்டு வேற ஊருக்குத்தான் போகணும். மன்னிச்சுக்கோங்க. என்னால முடியாது."

வெளியே வந்ததும் ஸ்டாவ் போனை எடுத்தான். புகார்ப் பக்கத்தில் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பையில் ஸ்காலப் இன்னும் இரண்டு போடலாம் என்று தட்டிவிட்டான். "வாங்க பாஸ். இது எங்கே போய் விழுதுன்னு பார்ப்போம்."

நகராட்சியின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் ப்ரூ ஹெயில்ஸ். வாரத்தில் இரண்டு நாள் சர்வர், மூன்று நாள் நூலகம். இன்று நூலக நாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். புதிதாக ஒரு புகார் வந்திருந்தது. ஸ்காலப் போதவில்லை. இப்படிக்கு, நெவில் ஸ்ட்ரிங்கர்.

"வாழ்த்துகள் எனக்கு," என்றான் ஸ்டாவ். "நான் பஸ் டிரைவர் ஆயிட்டேன்." பிறகு குரல் மாறி, "ப்ரூ, இதுக்குப் பின்னாடி இருக்கறது, புரோகிராமைச் சாகவிடாம உட்கார வெச்சிருக்கற மாட்யூல்தானே?"

ப்ரூ தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கும் புரியற மாதிரி சொல்லு," என்றார் வெர்னா.

"பழைய காலத்துல, பாஸ், ஒவ்வொரு ஆள் பட்டனைத் தட்டும்போதும் சர்வர் ஒரு புரோகிராமைப் புதுசா எழுப்பும். வேலை முடிஞ்சதும் அது செத்துடும். ஒவ்வொரு பைக்கும் அடுப்பை முதல்லேர்ந்து பத்த வைக்கற மாதிரி. ரொம்ப மெதுவா நடக்கும். அதனால இந்த மாட்யூலைக் கண்டுபிடிச்சாங்க. அது புரோகிராமைச் சாகடிக்காம வெச்சிருக்கும். அடுத்த ஆள் வந்தா அதே புரோகிராம்தான் கவனிக்கும். அடுப்பு எப்பவும் சூடா இருக்கும்."

"சரி."

"ஆனா சாகாதவனுக்கு மறதியும் கிடையாது. இந்தப் புகார்ப் படிவத்தை எழுதினவன் சோம்பேறி. வந்திருக்கற ஆள் யாருன்னு புரோகிராம் பிறந்ததும் ஒரே ஒரு தடவை கேட்டுக்குது. அப்புறம் யார் வந்தாலும் கேட்கறதே இல்லை. மொதல் ஆள் பேரையே எல்லாருக்கும் போட்டுடுது."

"மார்ச் மூணு, மத்தியானம்," என்றார் வெர்னா. "கரன்ட் வந்தது. புரோகிராம் புதுசா எழுந்தது. மொதல்ல வந்தவர் நெவில்."

"அங்கதான் இடிக்குது. ஒரு புரோகிராமை யாரும் நாலு மாசம் விட்டுவைக்க மாட்டாங்க. யாராவது பக்கத்தைத் திறந்து பார்த்தாலே அதுக்கு ஒரு வேலை. ஐந்நூறு வேலை பார்த்ததும் அதைத் தீர்த்துக்கட்டிட்டுப் புதுசா ஒண்ணை எழுப்பச் சொல்லி அந்த மாட்யூலுக்கு ஒரு அமைப்பு உண்டு. இந்நேரம் பத்து தடவை செத்திருக்கணும். பத்து வேற பேர் ஒட்டியிருக்கணும். பட்டியலைப் பார்த்த யாருக்கும் பிசகு புரிஞ்சிருக்கும்."

"ஆக, கொலை நடக்காததுதான் இங்கே குற்றம்," என்றார் வெர்னா. "தடுத்தது யாரு?"

ப்ரூ நகத்தைக் கடித்துக்கொண்டே அந்தக் கோப்பைத் திறந்தாள். ஐந்நூறு இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யம் என்றால் சாகவே வேண்டாம். மார்ச் பதினொன்றாம் தேதி மாற்றியது. மாற்றியவரின் லாகின்: ப்ரூ ஹெயில்ஸ்.

"நீயா?" என்றான் ஸ்டாவ். அவளை அவனுக்குப் பிடித்துப்போயிருந்ததால் அந்த ஒற்றைச் சொல் கொஞ்சம் கரகரத்தது.

வெர்னா மூக்குக்கண்ணாடியை ஏற்றித் திரைக்குக் கிட்டே குனிந்தார். "அந்தப் பூஜ்யத்துக்கு மேல ஒரு வரி இருக்கே, முன்னாடி வேலி மாதிரி ஒரு '#' குறி போட்டு. அது என்ன?"

"அந்தக் குறியோட தொடங்கற வரி மெஷினுக்கு இல்லை. எழுதறவங்க தங்களுக்காக எழுதிக்கற குறிப்பு. மெஷின் அதைப் படிக்காது," என்ற ஸ்டாவ் தானே குனிந்து படித்தான்.

'டெ.பூ. வாயால் சொன்ன உத்தரவு. தப்பு என்று சொன்னேன். கேட்கவில்லை. ப்ரூ.'

"நகராட்சியிலயும் யாரும் படிக்கலை," என்றாள் ப்ரூ. கண் கலங்கியிருந்தது. "மார்ச் பத்தாம் தேதி நான் கண்டுபிடிச்சு டெஸ்மண்ட்கிட்ட போனேன். ரெண்டு வரி மாத்தினா சரியாயிடும்னேன். அவர் பட்டியலைப் பார்த்தார். ஒரே பேர். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், பரிசு முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, அது சாகவும் கூடாதுன்னுட்டார். என்னோட ரெண்டு நாளை ஒரு நாளாக் குறைக்கறதைப் பத்தி யோசிச்சிட்டிருக்கறதாவும் சொன்னார்."

"நான் சொல்லவே இல்லைன்னுடுவார்," என்றான் ஸ்டாவ்.

"சொல்லுவார்." வெர்னா நிமிர்ந்தார். "ஸ்டாவ், திங்கக்கிழமை திங்கக்கிழமை எட்டே காலுக்கு 'சோதனை'ன்னு எழுதறது யாரு? இன்னும் நெவில் பேர்தான் ஒட்டியிருக்கான்னு பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கு?"

ஸ்டாவ் மெதுவாகச் சிரித்தான்.

"ப்ரூ," என்றார் வெர்னா, "கூட்டத்துல நான் பேச எழுந்ததும், உன்னோட சாகாத ஆளை ஒரு தடவை சாகடிக்கணும். முடியுமா?"

"நாலு மாசமா அதுக்குத்தான் காத்திருக்கேன்," என்றாள் ப்ரூ.

கவுன்சில் அறையில் ஒன்பது உறுப்பினர்கள். பார்வையாளர் பெஞ்சில், நெவிலின் கான்ட்ராக்ட் போவதைக் கண்ணால் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஒரு இருபத்தைந்து பேர். கடைசி வரிசையில், மாவு ஒட்டிய ஏப்ரனோடு ரோண்டாவும் வந்து உட்கார்ந்திருந்தார். நெவில் இல்லை. மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். சுவர்த்திரையில் புகார்ப் பட்டியலை ப்ரூ நேரடியாகவே ஓடவிட்டிருந்தாள்.

டெஸ்மண்ட் அரை மணி நேரம் மனநிறைவைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு வெர்னா எழுந்தார்.

"அறிக்கையை முழுசாப் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கு," என்றார். டெஸ்மண்ட் பணிவாகத் தலை குனிந்தார். "இதுக்கு நடுவுல ஒண்ணு கேட்கணும். ஒரு மணிவாக்குல கரன்ட் ஒரு நொடி போயிட்டு வந்ததே, யாராவது கவனிச்சீங்களா?"

யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் டெஸ்மண்டின் முகம் மட்டும் சுருங்கியது. வெர்னா பருவநிலையைப் பற்றி வளவளவென்று பேசிக்கொண்டே போக, டெஸ்மண்டின் வலது கை போனோடு மேசைக்கடியில் இறங்கியது. கட்டை விரல் அசைவது தோளில் தெரிந்தது.

சுவரில் ஒரு புது வரி முளைத்தது.

டெஸ்மண்ட் பூல்: சோதனை.

வெர்னா பேச்சை நிறுத்தினார். "உங்க எல்லார் போன்லயும் நகராட்சிப் பக்கம் இருக்குல்ல? உங்க உங்க பேர்ல ஆளுக்கு ஒரு புகார் போடுங்க. எதுவானாலும் சரி."

முதலில் ஒருவர் தட்டினார். அப்புறம் பெஞ்சே தட்டியது.

டெஸ்மண்ட் பூல்: இந்த அறையில் குளிர் தாங்கவில்லை.

டெஸ்மண்ட் பூல்: பொது மேலாளர் போன் பண்ணுவதாகச் சொல்லி ஏழு வாரம் ஆகிறது.

டெஸ்மண்ட் பூல்: டெஸ்மண்ட் பூல் பேசினால் தூக்கம் வருகிறது.

இருபத்தாறு புகார். ஒரே ஆள். ஸ்டாவ் எழுந்து, புரோகிராம் ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பை அடுப்பை வைத்தே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தான். ப்ரூ அந்த ஒற்றை வரிக் குறிப்பைத் திரையில் போட்டாள்.

டெஸ்மண்ட் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. "சரி. மெஷின்ல கோளாறுன்னே வெச்சுக்குவோம். அதனால அந்த முந்நூத்தி எண்பத்தொண்ணும் நெவில் எழுதினது இல்லைன்னு ஆயிடுமா? வேற யார் எழுதினாங்க? அக்கம்பக்கத்துல இருக்கறவங்களைப் போட்டுக்கொடுத்தவங்க இந்த அறையில யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க. நான் இப்பவே ராஜினாமா பண்றேன்."

இருபத்தைந்து பேரும் தங்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் ஊரைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் முழுசாக ஓடியது.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"இருநூத்திப் பதினேழு என்னோடது," என்றார் ரோண்டா. "பஸ் புகை. நெவிலைத்தான் போட்டுக்கொடுத்தேன். அப்புறம் அவனுக்கே பை தரமாட்டேன்னு அட்டையும் எழுதி வெச்சேன். வேற யாருக்கு என்ன தோணினாலும் தோணட்டும். எனக்கு அந்த அட்டையைத் தினமும் பார்க்க முடியலை."

ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஓரமாக இருந்த மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்பத்தி மூணு," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

அதோடு நெவிலுக்கு எதிரான தீர்மானங்கள் மூன்றும் விழுந்தன. டெஸ்மண்ட் ராஜினாமா செய்யவில்லை. உடல்நலம் கருதி விடுப்பில் செல்வதாக எழுதிக் கொடுத்தார். தேதி குறிப்பிடாத விடுப்பு.

பள்ளி வாசலில் நெவில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வெர்னா சொன்னதை நின்றபடியே கேட்டுக்கொண்டார். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"எது எது யார் எழுதினதுன்னு ப்ரூவால லாகினை வெச்சுக் கண்டுபிடிக்க முடியும்," என்றார் வெர்னா. "நாளைக்கே பட்டியல் தருவா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு."

நெவில், வேலியோரம் பிள்ளைகளுக்காக நின்ற பெற்றோரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "நான் இந்த ஊர்லயே வண்டி ஓட்டணும். வெளியே ஏன் காத்துல நிக்கறீங்க, ஏறிக்கோங்க. போற வழியில உங்க கார்கிட்ட இறக்கி விடறேன்."

வெர்னாவும் ஸ்டாவும் நடுவில் ஒரு இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஊருக்குள் போயிருந்தது. முதல் நிறுத்தத்தில், மூன்று வாரமாகத் தலையைத் திருப்பிக்கொண்ட ஒரு அம்மாள் கையைத் தூக்கி, "வணக்கம் நெவ்," என்றார். இரண்டாவது நிறுத்தத்தில் நான்கு பேர் கையாட்டினார்கள். பப் வாசலில் பீர்க்கோப்பையோடு நின்ற இரண்டு பேர் கோப்பையை உயர்த்தினார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் பாதிரியாரே வேலி வரை ஓடிவந்து கையசைத்தார். நெவில் ஒவ்வொருவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

ஸ்டாவ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தான்.

"பாஸ்," என்றான் மெதுவாக, "அந்தப் பட்டியல் தேவையே இல்லை. கை காட்டறவங்க எல்லாம் எழுதினவங்க."

"காட்டாதவங்க?"

"இதுவரைக்கும் ரெண்டு பேர்தான்." திரும்பிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் விஷயமே தெரியலை போல. இன்னும் அவர் மேல கோபமாத்தான் நிக்கறாங்க."